சில்லு டாக்டரும் சித்தப்பாவின் தலையும்

தரையில் மண்டியிட்டு, கட்டிலின் இடது கால் ஓரத்தில் ஆரம்பித்திருக்கிறாள். ஒரு சாண் அகலத்தைப் பார்த்துக்கொண்டே நேராகச் சுவர்வரை போகிறாள். சுவரை முட்டியதும் ஒரு சாண் தள்ளித் திரும்பி வருகிறாள். ஏர் பூட்டின மாடு வரப்பில் திரும்புவது போலத் திரும்புகிறாள். தேடுவது என் தோட்டின் திருகாணியை. அது எங்கே விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்றுதான் தோட்டைக் கழற்றினேன்.

“அங்க பாரும்மா, அந்தக் கண்ணாடி மேசைக்கு அடியில!”

“வரிசை வரும்போது வரும் அத்தை.”

“உன் வரிசை வர்றதுக்குள்ள எனக்குக் காது தூர்ந்துடும்.”

“நடுவுல குதிச்சுப் பார்த்தா, பார்க்காத இடம் எதுன்னு அப்புறம் தெரியாது. ஓரத்துல இருந்துதான் வரணும்.”

திருகாணி கண்ணாடி மேசைக்கு அடியில்தான் கிடைக்கிறது. என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அவள் எழுந்திருப்பாள் என்று பார்த்தால், மறுபடி மண்டியிடுகிறாள். மிச்சத் தரையையும் பார்த்து முடிக்க வேண்டுமாம். முடித்தபோது ஒரு சட்டைப் பித்தானும், எப்போதோ தொலைந்த தையல் ஊசியும், உயிரோடு ஒரு கரப்பான்பூச்சியும் அகப்பட்டன.

இவள் என் பெரிய தம்பியின் மூத்த மகள். இவளுடைய அம்மா ஒன்றும் அசல் அல்ல; என் அம்மாவின் சின்னம்மாவுக்கு மகன் வழிப் பேத்தி. ஆகவே அப்பா வழியில் வந்தாலும் அம்மா வழியில் வந்தாலும் எனக்கு மருமகள் முறைதான். தப்பிக்க வேறு வழியே கிடையாது. நாற்பதைத் தாண்டியவள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர். வீட்டில் அவளுக்குச் சில்லு டாக்டர் என்று பெயர்.

அந்தப் பெயர் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்ற டாக்டர்கள் நோயாளியின் உடம்பிலிருந்து நகத்தளவு சதையை வெட்டி ஒரு குப்பியில் போட்டு இவளுக்கு அனுப்புவார்கள். இவளிடம் ஒரு மெழுகுக்காரர் இருக்கிறார். அவர் அதை மெழுகுக் கட்டியில் பதித்து, வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு கண்ணாடிச் சில்லில் ஏந்தி எடுப்பார். அப்புறம் ஊதாச் சாயமும் ரோஸ் சாயமும் ஏற்றுவார். அந்தச் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இன்ன வியாதி என்று எழுதுவது இவள் வேலை. நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே நோயைச் சொல்கிற டாக்டர்.

ஆகவே முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. ஒரு கல்யாண வீட்டில் ஓர் அம்மாள் ஆசையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “என்னைத் தெரியலையா டாக்டர்?” என்று கேட்டாள். இவள் விழித்தாள். அந்த அம்மாள் தன் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, கூட்டத்துக்கே கேட்கும்படி, “அட, உங்க பித்தப்பையா! எவ்வளவு அழகா இருந்துச்சு!” என்றாள். அந்த அம்மாள் அதற்கப்புறம் பந்தியில் உட்காரவே இல்லை.

அதே கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மயங்கி விழுந்தார். “டாக்டர், டாக்டர்” என்று ஆளாளுக்குக் கத்தி இவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரியப்பா லேசாகக் கண்ணைத் திறந்தார். குனிந்திருப்பது யார் என்று பார்த்தார். “வேற டாக்டர் யாரும் வரலையா?” என்று கேட்டுவிட்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டார். மருந்து இல்லாமல் பிழைக்க வைத்தாள் என்று அவளுக்கு நல்ல பெயர்தான்.

‘அழகு’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தையைக் காட்டினால் அவள் அழகு என்று சொல்வதில்லை. “மூக்கு சரியா இருக்கு” என்பாள். பூவைக் காட்டினால் இதழைப் புரட்டி அடியில் பார்ப்பாள். எங்கேயோ யாருக்கோ ஒரு லட்சத்தில் ஒருவருக்கு வருகிற வியாதி சில்லில் வந்துவிட்டால் மட்டும், “ஐயோ, அழகு! இங்க வந்து பாருங்களேன்” என்று மெழுகுக்காரரைக் கூப்பிடுவாள். அதனால் எங்கள் குடும்பத்தில் யாராவது ரத்தம் கொடுத்தாலோ மருவை எடுத்தாலோ முதலில் கேட்கிற கேள்வி, “சில்லு அழகுன்னு சொன்னாளா?” என்பதுதான். இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்கப் போவோம்.

அவளுடைய வீடும் ஊதாவும் ரோஸும்தான். திரைச்சீலை, தலையணை உறை, வெளிச்சுவர் எல்லாம் அப்படியே. வீட்டைக் கட்டிக் கொடுத்தவன் என் சின்னத் தம்பி, அவளுக்குச் சித்தப்பா. கட்டட மேஸ்திரி. ஊரில் பாதிப் பேருக்கு அவன் பெயர் மேஸ்திரி என்றுதான் தெரியும். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். வர்ணம் அடித்த அன்று தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டான், பதமாக.

“ஏன் சில்லு, இது வீடா, மிட்டாய்க் கடையா? நாலு பேர் என்னைக் கேட்க மாட்டாங்களா?”

“இந்த ரெண்டு நிறம்தான் சித்தப்பா கண்ணுக்கு உறுத்தாது.”

“உன் கண்ணுக்கு உறுத்தாது. தெருவுக்கு?”

பதமாக அடித்துக்கொண்டான் என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. மேஸ்திரி தலையில் இருப்பது டோப்பா. இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. எங்கள் அப்பாவுக்கு வழுக்கை, அப்பாவின் அண்ணன்கள் எல்லோருக்கும் வழுக்கை, தாய்மாமன்களும் சொல்லி வைத்தாற்போல வழுக்கை. ஆனால் இவன் மட்டும் இளமையிலேயே ஒரு கறுத்த டோப்பாவுக்குள் குடியேறிவிட்டான். சாரத்தில் ஏறினாலும், காற்றடித்தாலும், சிமெண்டு கொட்டினாலும் அது அசையாது. மேஸ்திரி அல்லவா, பசை வைப்பதில் கெட்டிக்காரன். அவன் பெண்டாட்டியிடம் ஒருமுறை ரகசியமாகக் கேட்டேன்: “நீயாவது அவன் தலையைப் பார்த்திருக்கியாடி?”

“எங்க அண்ணி! தூங்கும்போது குல்லா. குல்லாவுக்கும் டோப்பாவுக்கும் நடுவுல என்னைக் கண்ணை மூடிக்கச் சொல்லுவாரு.”

இப்படிப்பட்ட தலையில்தான் கொப்புளம் வந்தது.

முதலில் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்றான். பசையை மாற்றினான். பிறகு வெயில் என்றான். தலையணையில் ஈரமும் ரத்தமும் திட்டுத் திட்டாகப் படிய ஆரம்பித்ததும், மூட்டைப்பூச்சியை நசுக்கினேன் என்றான். அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து அழுதாள். நான் போய் நின்றேன்.

“டேய், தலையைக் காட்டுடா.”

“என் தலை என்ன, கண்காட்சியா அக்கா?”

“நீ பிறந்தப்போ நான்தான்டா உன்னை இடுப்புல வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்ப மட்டும் என்ன முடியோடவா பிறந்தே?”

ஒரு வழியாகத் தோல் டாக்டரிடம் போனான். தோல் டாக்டர் பொறுமைசாலி. டோப்பாவை எடுக்கச் சொன்னதற்கு, காதுக்கு மேலே ஒரு மூலையை மட்டும் தூக்கிக் காட்டினானாம், பால் பொங்கிவிட்டதா என்று மூடியை லேசாகத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி. அந்த இடுக்கில் கத்தி எட்டின இடத்தில் ஒரு துளி வெட்டி, சில்லுவுக்கு அனுப்பினார்.

குடும்பமே காத்திருந்தது. அவள் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: “பக்கு மட்டுமே. போதாது.”

நான் போன் போட்டேன். “சொந்தச் சித்தப்பாவுக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதக் கூடாதாம்மா?”

“என்ன எழுதறது அத்தை? புண்ணு மேல காய்ஞ்ச பக்கு நல்லா இருக்குன்னா?”

“சாதாரணப் புண்ணுதான்னு எழுதேன்.”

“அது எனக்குத் தெரியாதே. தெரியாததை எப்படி எழுதறது? இடிஞ்சு விழுந்த வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து காட்டி, சுவர் ஏன் இடிஞ்சுதுன்னு கேட்டா? புதுசா எழும்புற கொப்புளம் வேணும். அதோட ஓரம் வேணும். பாதி கொப்புளம், பாதி நல்ல தோல்.”

அதற்கு டோப்பாவைக் கழற்ற வேண்டுமே. மேஸ்திரி ஒப்புக்கொள்வானா? ஒரு வாரம் அவனுக்குக் கட்டட வேலை தலைக்கு மேல் இருந்தது. அடுத்த வாரம் ஜலதோஷம். அவன் படுத்தும் பாட்டைப் பார்த்துச் சில்லு ஒரு குறுக்கு வழி சொன்னாள். காதோரத்தில் நிஜ முடி கொஞ்சம் இருக்குமல்லவா, அதில் சிலதை வேரோடு பிடுங்கி, அவள் கொடுக்கும் மருந்துத் தண்ணீரில் போட்டு அனுப்பினால் போதும். முடியின் வேரைச் சுற்றி ஓர் உறை இருக்குமாம். அதுவும் தோலோடு தோலாக இறங்கினதுதானாம். அவள் சந்தேகப்படுகிற வியாதி என்றால் அந்த உறையிலேயே அடையாளம் தெரிந்துவிடுமாம். ஆனாலும் அது வெட்டுவதற்கு ஈடாகாது, ஒரு முன்னோட்டம் மாதிரி என்றாள். மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குப்பியோடு குளியலறைக்குப் போனான். சத்தமே இல்லாமல் திரும்பி வந்தான். தாராளமாகவே பிடுங்கியிருந்தான்.

மறுநாள் சில்லு வந்தாள். மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“சித்தப்பா, அந்த முடியை எங்க இருந்து பிடுங்கினீங்க?”

“தலையில இருந்துதான். முடியைப் பின்னே முழங்காலிலிருந்தா பிடுங்குவாங்க?”

“வலிச்சுதா?”

“மேஸ்திரிக்கு என்ன வலி!”

“வேரே இல்லையே.”

“வயசாச்சுல்ல, வேர் அத்துப் போயிருக்கும்.”

“செதிலும் இல்லை. மனுஷ முடின்னா மேல ஓடு வேய்ஞ்ச மாதிரி செதில் செதிலா இருக்கும். இது தூண்டில் நரம்பு மாதிரி மழமழன்னு இருக்கு. தீக்குச்சி காட்டினா உருகுது.”

“நீ ஏன் அதுக்குத் தீ வெச்சே?”

“சந்தேகம் வந்துச்சு.”

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தான். “என் தலையில இருக்கிறது என் முடி இல்லாம, எதிர்வீட்டுக்காரன் முடியா?”

“அது நைலான் சித்தப்பா. நைலானுக்குத் தோல் வியாதி வராது.”

அதற்கும் முறைப்படி முடிவு எழுதி வைத்திருந்தாள். ‘மனிதத் திசு எதுவும் இல்லை.’ மேஸ்திரி பெண்டாட்டி அதைக் கேட்டுவிட்டு, “இதைத்தான் நான் இவரைக் கட்டிக்கிட்ட நாள்ல இருந்து சொல்றேன்” என்றாள். நாங்கள் சிரித்தோம். மேஸ்திரியும் சிரித்தான். சிரித்தவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

சில்லு பார்த்துவிட்டாள்.

“வாயில என்ன?”

“ஒண்ணுமில்லை. டீ சூடு.”

“டீ ஆறிப் போச்சு. திறங்க.”

உட்கன்னத்தில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. எவ்வளவு நாளாக என்று அவன் சொல்லவில்லை. அவன் கஞ்சிதான் குடிக்கிறான் என்று அவன் பெண்டாட்டி சொன்னாள். சில்லு டம்ளரைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: “நாளைக்கு வெட்டணும் சித்தப்பா. தலைத் தோல் உரிஞ்சு திறந்து கிடக்கு. அது மேல நீங்க நைலானை ஒட்டி மூடி வெச்சிருக்கீங்க. சீழ் பிடிச்சு ரத்தத்துல ஏறினா உயிருக்கே ஆபத்து. என்ன வியாதின்னு தெரியாம எந்த டாக்டரும் கெட்டியான மருந்தைத் தொட மாட்டாங்க. தெரியணும்னா எனக்குத் தோல் வேணும்.”

மறுநாள் போனான். நிபந்தனைகளோடு போனான். அறையில் தோல் டாக்டர் மட்டும்தான் இருக்க வேண்டும், நர்ஸ் கூடாது, கதவுக்குத் தாழ்ப்பாள், சன்னலுக்குத் துணி. எல்லாம் செய்த பிறகு, “விளக்கையும் அணைச்சிடலாமே” என்றானாம். “அணைச்சிட்டு நான் உங்க காதை வெட்டிட்டேன்னா?” என்று தோல் டாக்டர் கேட்ட பிறகுதான் கழற்றியிருக்கிறான். இந்த முறை சரியான இடம். முந்தின நாள் எழும்பின சின்னக் கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு. பக்கத்துத் தோலிலிருந்து இன்னொரு துண்டு. வேறு வேறு குப்பி, வேறு வேறு தண்ணீர்.

முடிவு வருவதற்கு முன்னால் நான் மெழுகுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் என் மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை மருமகனுக்குச் சகலை. ஆகவே கேட்க எனக்கு உரிமை உண்டு.

“அழகுன்னு சொன்னாளா?”

“இல்லைங்கம்மா.”

“அப்பாடா!”

“இல்லைங்கம்மா, கேளுங்க. காலையில இருந்து அந்த ஒரு சில்லைத்தான் பார்க்கிறாங்க. ஓரத்துல இருந்து ஓரம், திரும்பத் திரும்ப. நானும் பார்த்தேன். இந்த மாதிரி ஒண்ணு வந்தா அக்கா எப்பவும் துள்ளிக் குதிப்பாங்க. இன்னைக்கு வாயே திறக்கலை.”

அழகு என்றால் பயப்படுகிற குடும்பம் நாங்கள். அழகு என்று சொல்லவில்லை என்றதும் அன்றைக்கு அதைவிடப் பயந்தேன்.

அவள் மேஸ்திரியை ஆய்வுக்கூடத்துக்கே வரச் சொன்னாள். நானும் கூடப் போனேன். அந்த அறைக்குள் நுழைந்தால் குப்பித் தண்ணீரின் நெடி கண்ணைக் கரிக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே பேசுவார்கள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல. மேஸ்திரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தான். ரெண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே சில்லைப் பார்க்கிற மைக்ராஸ்கோப் அது. “சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே பாருங்க” என்றாள்.

மேஸ்திரி கண்ணை வைத்தான். “ஊதாவும் ரோஸும். உன் வீடு தெரியுது.”

“அது உங்க தோல். சுவருன்னு நினைச்சுக்கோங்க. ஊதாப் புள்ளி வெச்ச ஒவ்வொண்ணும் ஒரு செங்கல். அடியில ஒரு வரிசை நிக்குது பாருங்க.”

“நிக்குது. தரையோட நல்லா ஒட்டி நிக்குது. அஸ்திவார வரிசையா?”

“ஆமா. அதுக்கு மேல?”

“மேல…” மேஸ்திரி திருகுக் குமிழைத் தானே பிடித்துக்கொண்டான். “மேல ஒண்ணுமில்லையே! வெறும் சந்து. செங்கல்லு ஒண்ணு ரெண்டு உருண்டையா மிதக்குது. என்ன வேலை இது? எவன் கட்டினது?”

“செங்கல் நல்லாத்தான் இருக்கு சித்தப்பா. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவுல இருக்கிற பூச்சுதான் போயிடுச்சு. ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு இருந்தது கையை விட்டுடுச்சு. அந்தச் சந்துல தண்ணி ஏறி நிக்குது. அதுதான் கொப்புளம்.”

மெழுகுக்காரர் பின்னால் நின்று ஆர்வமாக எட்டிப் பார்த்தார். “அந்த அடி வரிசைக்குப் புத்தகத்துல ஒரு பேரு உண்டுங்க மேஸ்திரி. வரிசையா நிக்கிற கல்லறை—”

“வேலிக்கல்” என்றாள் சில்லு.

“கல்லறைக்—”

“வேலிக்கல். வரிசையா வேலிக்கல் நட்ட மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க சித்தப்பா.”

மெழுகுக்காரர் தம் மெழுகைக் கவனிக்கப் போய்விட்டார்.

“வேலிக்கல்லு நூல் பிடிச்ச மாதிரி நட்டிருக்கு” என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டான். “பூச்சு ஏன் போச்சு?”

அதற்கு வேறொரு படம் காட்டினாள். இரண்டாவது துண்டை இருட்டறையில் ஒளிர வைத்து எடுத்த படம். கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒரு மீன்வலை விரித்திருந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒரு செங்கல்லாம். “நம்ம உடம்புல கிருமி வந்தா அடிக்கிறதுக்குன்னு காவல்காரங்க இருக்காங்க. அவங்கதான் பச்சையாத் தெரியறாங்க. கிருமியை விட்டுட்டு, செங்கல்லுக்கு நடுவுல வரிசையா உட்கார்ந்து பூச்சைச் சுரண்டுறாங்க.”

“வாட்ச்மேனே சிமெண்டைச் சுரண்டுறானா! யாரு ஆளு?”

“வெளியாள் இல்லை. உங்க உடம்பேதான்.”

“அதான பார்த்தேன்.” மேஸ்திரி என் பக்கம் திரும்பினான். “சொந்தக்காரனை வேலைக்கு வைக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியா அக்கா?” போன வருடம் என் கொழுந்தனார் மகனை அவனிடம் சேர்த்துவிட்டதைச் சொல்கிறான். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

“இன்னும் முடியலை” என்றாள் சில்லு. “தலைங்கிறதால கூடுதல் தொல்லை. ஒவ்வொரு முடிக்கும் கீழே ஒரு கிணறு இருக்கு. தோல் அந்தக் கிணத்துக்குள்ளேயும் உறை இறக்கின மாதிரி இறங்கிப் போகும். பிளவும் கூடவே இறங்கியிருக்கு. இதோ பாருங்க. அதனாலதான் தலையில வந்தா லேசுல ஆறாது.”

“எனக்குத்தான் முடியே…” என்று ஆரம்பித்தவன் மெழுகுக்காரரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “எனக்குக் கிணறு ஏது?”

“முடி போனாலும் கிணறு தூர்ந்துடலை. சின்னச் சின்னதா இருக்கு.”

மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தான். “அப்போ திரும்ப முளைக்குமா?”

“இவ்வளவு நேரம் நான் சொன்னதுல அது ஒண்ணுதான் காதுல விழுந்துச்சா?”

வியாதிக்குப் பெம்பிகஸ் என்று பெயராம். ஒட்டுவாரொட்டி இல்லை. மருந்து இருக்கிறது; நரம்பில் ஏற்றுவது, வாயில் போடுவது, மேலே தடவுவது எல்லாம் உண்டு; மாதக்கணக்கில் ஆகும்; பெரும்பாலும் அடங்கிவிடும். இன்றைக்கே வார்டில் சேர வேண்டும். தலை காற்றாடக் கிடக்க வேண்டும். இதை எல்லாம் அவள் ஒரே குரலில், மளிகைச் சாமான் சொல்வது போலச் சொல்லி முடித்துவிட்டு, “அதைக் கழட்டுங்க” என்றாள்.

மேஸ்திரி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். சில்லுவும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டாள். இந்த ஜன்மத்தில் முதல் தடவையாக அவன் தாழ்ப்பாள் போடாத அறையில் டோப்பாவைக் கழற்றினான். வந்த வாடையைச் சொல்ல மாட்டேன். திரும்பிப் பார்த்தேன். உச்சியெல்லாம் தோலுரிந்து, பிறந்த அன்று பார்த்த தலையைவிடச் சிவப்பாக இருந்தது. மெழுகுக்காரர் பெரிய இடுக்கியால் அந்த டோப்பாவைப் பிடித்துத் தூக்கி, கழிவு வாளியில் இறக்கி மூடினார். மேஸ்திரி அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான், ரயில் ஏற்றி அனுப்பினவன் போல.

பிறகு தன் பையைத் திறந்தான். ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தான். பெட்டிக்குள் புத்தம் புதிதாக, மினுமினுவென்று, முன்பக்கம் சுருட்டிவிட்ட இன்னொரு டோப்பா.

“இதுல பசை கிடையாது சில்லு. கிளிப்புதான். காற்று உள்ளே போகும்னு கடைக்காரன் சொன்னான்.”

“சித்தப்பா.”

“வார்டு வரைக்கும் மட்டும்மா. அங்க போய்க் கழட்டிடறேன்.”

“திறந்த புண் மேல துணிகூட வைக்க மாட்டோம். இதை வைக்கவா?”

“வெளியில யாரு இருக்காங்கன்னு தெரியுமா உனக்கு?” அவன் குரல் இறங்கிவிட்டது. “வராந்தாவுல வர்ணம் அடிக்கிறது நம்ம பசங்க. அத்தனையும் நான் சாரத்துல ஏத்திவிட்ட ஆளுங்க. வார்டுக்கு அந்த வழியைத் தவிர வேற வழி கிடையாது. இந்தக் கட்டடத்தைக் கட்டினவன் நான், எனக்குத் தெரியாதா? சாயங்காலம் அவங்க இறங்கிப் போகட்டும். நான் வர்றேன்.”

“சாயங்காலம் கட்டில் இருக்காது. ரெண்டு நாளைக்கு அப்புறம்தான்.”

“ரெண்டு நாள்தானே? இருந்துட்டுப் போறேன்.”

“டேய்” என்றேன். அவன் எழுந்துபோய்க் கதவின் கைப்பிடியைத் தொட்டான், விட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பாட்டுப் பாடிக்கொண்டு சுவரைத் தேய்த்தார்கள். மேஸ்திரி திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து, புது டோப்பாவை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தான். இடிக்கிற இயந்திரம் வைத்தாலும் அவன் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் அப்பாவின் பிடிவாதம் அது.

சில்லு அவனிடம் தைரியம் சொல்வாள் என்று பார்த்தேன். அவளுக்கு அது வராது. திட்டுவாள் என்று பார்த்தேன். அதுவும் வராது. அவள் எழுந்து, சித்தப்பாவின் மடியிலிருந்த டோப்பாவை இரண்டு கையாலும் எடுத்தாள். உள்பக்கத்தைத் திருப்பிக் கிளிப்புகளைப் பார்த்தாள். தன் கொண்டையை அவிழ்த்து, மேலாக்கி, இறுக்கி முடிந்தாள். அதன் மேல் டோப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு கிளிப்பாகப் போட்டாள். சிரிக்கவில்லை. கண்ணாடி தேடவில்லை. வெள்ளைக் கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

வராந்தாவில் பாட்டு நின்றது. சாரத்தில் இருந்தவர்கள் அப்படியே உறைந்தார்கள். பெஞ்சில் காத்திருந்தவர்கள் கழுத்தைத் திருப்பினார்கள். ஒருவன் கையிலிருந்த வர்ண பிரஷ் நழுவி விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. அத்தனை கண்ணும் டாக்டர் அம்மாவின் தலையில் இருந்தன. அவளுக்கு மூன்றடி பின்னால், எதுவும் போடாத தலையோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி வந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

சுருட்டிவிட்ட முன்முடி நடக்க நடக்கச் சரிந்து அவள் கண்ணில் விழுந்தது. அதை ஊதா படிந்த ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, சில்லு இன்னும் மெதுவாக நடந்தாள்.